ஒரு முழ வயரும் ஒரு படகின் முதலும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் பக்கங்களில் படகு என்பது மீனவரின் சொத்து மட்டுமல்ல. மீன் முதலாளியின் முற்பணமும் கடைக்காரரின் கடனும், சில வேளை வீட்டுப் பெண்களின் நகையும் அதற்குள் இருக்கின்றன. என் மச்சானின் படகில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் அதன் எரிபொருள் நிரப்பும் ஹோஸை மாற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

வெடித்துப்போன இறப்பர் ஹோஸுக்குப் பதிலாகப் புதியது பூட்டப்பட்டது. பழைய ஹோஸோடு ஓடிய வயர் ஒன்று கழற்றியபடியே கிடந்தது. கேட்டேன். "அது இல்லாமலும் ஓடும் காக்கா" என்றார் மெக்கானிக். ஓடும்தான். ஆனால் அந்த வயர் படகை ஓட்டுவதற்கல்ல, காப்பதற்கு.

எரிபொருள் ஹோஸில் பாயும்போது உராய்வினால் நிலைமின் உண்டாகிறது. இறப்பர் மின்னைக் கடத்தாது. எனவே மேலே உள்ள உலோக வாயும் கீழே உள்ள உலோகத் தாங்கியும் மின்னேற்றத்தோடு தனித்தனியே நிற்கும். நிரப்பும் முனை அருகே வரும்போது பொறி பாயலாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். டீசலில் இந்த ஆபத்துக் குறைவு. ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது.

பரிகாரம் எளிது. நிரப்பும் வாயிலிருந்து தாங்கிக்கும், தாங்கியிலிருந்து என்ஜினுக்கும் செப்பு வயர் இணைக்க வேண்டும். என்ஜினிலிருந்து தண்டு, விசிறி வழியாக மின்னேற்றம் கடல்நீருக்குப் போய்விடும். வயரை ஹோஸுக்கும் குழாய்க்கும் இடையே வைத்து இறுக்கக்கூடாது, எரிபொருள் கசியும். தனி ஆணியில் பூட்ட வேண்டும். பெற்றோல் என்ஜின் உள்ளே பொருத்திய படகுகளுக்கு அமெரிக்கச் சட்டம் கேட்பது 100 ஓமுக்குக் குறைந்த தடை. சாதாரண மல்டிமீற்றர் இரண்டு நிமிடத்தில் காட்டிவிடும்.

வெளியே என்ஜின் பூட்டிய சிறு தோணிகளுக்குப் பிளாஸ்டிக் கேன்தான். பிளாஸ்டிக்கில் வயர் பூட்டிப் பயனில்லை. கேனைத் தோணிக்குள்ளோ லொறித் தட்டிலோ வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வையுங்கள். பம்பின் உலோக முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். மெதுவாக ஊற்றுங்கள். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் கிடைத்த கேனில் கிடைத்ததை வாங்கினோம். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. பெற்றோல் இருந்த கேனில் மண்ணெண்ணெய் ஊற்றுவது அப்போது வந்த பழக்கமென்றால் அதை இனியாவது விடுவோம். மிஞ்சிய பெற்றோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்ற சமூகம் நாம். மச்சானின் படகில் அந்த வயரைத் திரும்பப் பூட்டிய பிறகே எண்ணெய் நிரப்பினோம். அடுத்த முறை படகுக்கு முற்பணம் கொடுக்கும் வர்த்தகச் சகோதரர்கள் என்ஜினையும் வலையையும் பார்ப்பதோடு இந்த வயரையும் பாருங்கள். ஒரு முழ வயரின் விலை முதலுக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஏறிப்போகும் உயிர்களுக்கோ விலையே இல்லை.