ஆடற்கல்வியும் வாழ்தொழிலும்

ஆடலைத் தொழிலாகக் கொள்வார்க்கு ஆடல் மட்டும் போதுமா? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இதற்கு விடை பகர்கின்றது. மாதவி 7 ஆண்டுகள் பயின்று, 12ஆம் அகவையில் அரங்கேறினாள். அவள் ஆடலோடு, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளையும் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். ஆடல் பல கலைகளின் கூட்டு என்பது இதனால் விளங்கும்.

1936இல் ருக்மிணிதேவி அருண்டேல் சென்னையில் நிறுவிய கலாக்ஷேத்திராவின் 4 ஆண்டுப் பட்டயப் படிப்பிலும் பரதத்துடன் இசையும் நட்டுவாங்கமும் இடம்பெறுகின்றன. மேடை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்க்கும் உடல் தளரும் காலம் வரும். அப்போது தாளம் பிடித்து ஆடலை நடத்தவும், பிறர்க்குக் கற்பிக்கவும், பாடற்பொருள் உணர்ந்து புதிய ஆடல் அமைக்கவும் வல்லவரே தொழிலில் நிலைப்பர். எனவே, ஆடற்கல்லூரி நாடும் மாணவர் அதன் மேடையை நோக்குமுன் பாடத்திட்டத்தை நோக்குவாராக.