சுழியோடியின் காது

புத்தளத்துக்கு வடக்கே கொண்டச்சிக் குடாவில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி ஆங்கிலப் படையதிகாரி ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். படகில் ஏற்றிய சுழியோடிகளின் வாயிலும் மூக்கிலும் காதிலும் தண்ணீர் வடிந்ததாம், பல வேளை இரத்தமும். அதற்காக யாரும் அடுத்த முறை இறங்காமல் நின்றதில்லையாம். பிற்காலத்தில் சிப்பியில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு சுழியோடிக்கு என்று கணக்கு வைத்தார்கள். காதுக்குக் கணக்கே இல்லை.

காலில் கல்லோடு ஐந்தாறு பாகம் இறங்குவார்கள். 10 மீற்றரிலேயே அமுக்கம் இரு மடங்காகும். செவிப்பறைக்குப் பின்னாலுள்ள காற்று பாதியாகச் சுருங்கும். மூக்கைப் பொத்தி ஊதினால், தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்து காற்று ஏறும், சவ்வு தப்பும். இத்தாலிய மருத்துவர் வல்சால்வா இதை 1704இல் எழுதிவைத்தார். கடலில் இறங்குகிறவர்கள் அவரிடம் கற்றிருக்க வேண்டியதில்லை. தடிமன் பிடித்த நாளில் அந்தக் குழாய் திறக்காது. மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கே தடிப்புள்ள சவ்வு கிழிந்துவிடும். வீட்டில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுவார்கள். கிழிந்த காதில் எதையும் விடக்கூடாது, ஈரமே படக்கூடாது என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள்.

இன்று கற்பிட்டியில் ஃபைபர் படகும் சிலிண்டரும் வந்துவிட்டன. இறங்குவது சங்குக்கும் கடலட்டைக்கும். "காதடைக்குது நானா, இண்டைக்கு நான் இறங்கல்ல" என்று சொல்ல இப்போதும் துணிச்சல் வேண்டும். கல்லோடு இறங்கியவன் மூச்சு முட்டினால் மேலே வந்தே ஆக வேண்டும். சிலிண்டர் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டு விரைந்து ஏறினால் உடலில் கரைந்த நைதரசன் குமிழியாகும். அது உட்செவியைத் தாக்கினால் தலை சுற்றும், கேட்கும் திறனும் போகும். சவ்வு பெரும்பாலும் தானாக ஆறிவிடும். உட்செவியை அப்படி நம்பியிருக்க முடியாது.

ஆறாத சவ்வுக்கு ஒட்டுப்போடும் வழியை 1950களில் ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் ஸோல்னரும் திறந்துவிட்டார்கள். காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டுவது பின்னாளில் வழக்கமானது. உட்செவியோ வெகுகாலம் கைவிடப்பட்ட இடமாகவே கிடந்தது. அங்கே கை வைத்தவர்களில் ஒருவர் அவுஸ்திரேலியாவின் கிறேம் கிளார்க். 1935இல் பிறந்தவர். மருந்துக்கடை வைத்திருந்த தந்தைக்குக் காது கேட்காது. வாடிக்கையாளர் தங்கள் அந்தரங்க நோயைக் கடையில் உரக்கச் சொல்ல வேண்டியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவர். அறுவை மருத்துவராகத் தொழில் நடந்துகொண்டிருந்தபோதே அதை விட்டு ஆராய்ச்சிக்குப் போனார். 1970இல் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபின் பணத்துக்குத் தொலைக்காட்சி நிதி திரட்டலையும் நாடவேண்டியிருந்தது. நரம்பில் மின்னோட்டம் கொடுத்துப் பேச்சைப் புரியவைக்கலாம் என்றவரைச் சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை.

சங்கு எடுக்கும் கரைக்காரர்களுக்கு இந்தக் கதையின் நடுப்பகுதி பிடிக்கும். உட்செவியின் கேட்கும் பகுதி இரண்டரைச் சுற்றுச் சுருள். அடிப்பக்கம் கீச்சொலிக்கு, நுனி கனத்த ஒலிக்கு. ஒவ்வொரு ஒலிக்கும் உரிய இடத்தைத் தொட மின்கம்பிக் கட்டு வளைந்து உள்ளே போக வேண்டும். போகவில்லை. 1977இல் மின்னமுறா கடற்கரையில் விடுமுறையில் இருந்த கிளார்க் ஒரு சுருட்சிப்பியை எடுத்து, புல்லைச் செருகிப் பார்த்தார். நுனி இளகியும் அடி விறைத்தும் இருந்த புல் சுற்றிச் சுற்றி உள்ளே போனது. கம்பியையும் அப்படியே செய்தார். 1978 ஆகஸ்ட் 1ஆம் திகதி, விபத்தில் கேள்வியிழந்திருந்த ரொட் சோண்டர்ஸின் காதில் அது பொருத்தப்பட்டது. 1985இல் அமெரிக்க அரசு பெரியவர்களுக்கும், 1990இல் குழந்தைகளுக்கும் அக்கருவியை அனுமதித்தது.

ஆனால் அது உட்செவியின் கேள்வி பெரிதும் போனவர்களுக்கு. கற்பிட்டியில் பெரும்பாலும் வேண்டியது சவ்வு ஒட்டுத்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள். ஒட்டிய காது மாதக் கணக்கில் கடலைத் தொடக்கூடாது என்பதுதான் சிக்கல். மேற்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது கார்த்திகையிலிருந்து சித்திரை வரை. காது ஆறுவதற்குள் பருவத்தில் பாதி போய்விடும். அந்த மாதங்களின் வீட்டுச் செலவுக்கு மருத்துவர் பதில் சொல்ல முடியாது. படகும் சிலிண்டரும் கொடுத்து ஆளை இறக்கும் முதலாளிமார்தான் சொல்ல வேண்டும்.