வந்தது வாடிக்கையாளரா, பாட்டா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கூரியரில் அனுப்பும் கடை ஒன்றுக்கு, ராஜபாளையத்து இளைஞர் ஒருவர் பைத்தானில், ஃப்ளாஸ்க் கொண்டு இணையதளம் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான்: “தம்பி, ஒரு நாளைக்கு எத்தன பேரு வந்து பாக்காங்க?”

கூகுள் அனலிட்டிக்ஸ் போட்டால் தெரியும் என்பார்கள். அது வந்தவருடைய பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். விளம்பரத் தடுப்பான் இருந்தால் பெரும்பாலும் ஓடாது. ஆர்டர் வரும், கணக்கில் ஆள் இருக்க மாட்டார். சர்வரிலேயே எண்ணுவது, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே எண்ணுவது மாதிரி.

வேலை சின்னதுதான். பக்கத்தை அனுப்பும் தறுவாயில் ஃப்ளாஸ்க் தானாக அழைக்கும் ‘ஆஃப்டர் ரிக்வெஸ்ட்’டில், லாக்கில் எழுதிவைக்கும் ஒரு ஃபங்ஷன்: நேரம், பக்கம், ஐ.பி. முகவரி, பிரவுசரின் பெயர். ஜாங்கோவில் இதையே மிடில்வேராக எழுதுவார்கள்.

சிக்கல் மறுநாள் தெரியும். லாக்கைத் திறந்தால் அத்தனை பேருக்கும் ஒரே முகவரி, 127.0.0.1. ஆப்புக்கு முன்னால் ப்ராக்ஸியாக நிற்கும் என்ஜின்எக்ஸ்தான் எல்லாக் கோரிக்கையையும் வாங்கி உள்ளே தருகிறது. ஆப்புக்கு அதன் முகம் மட்டுமே தெரிகிறது. உண்மை முகவரியை ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ தலைப்பில் அனுப்பச் சொல்லி, ஆப்பில் ‘ப்ராக்ஸிஃபிக்ஸ்’ போட வேண்டும். எத்தனை ப்ராக்ஸியை நம்பலாம் என்ற எண்ணைக் கூட்டிக் கொடுத்துவிட்டால், யாரோ இட்டுக்கட்டிய முகவரியும் கணக்கில் ஏறிவிடும்.

அப்புறமும் முகவரி வேறு, ஆள் வேறு. மொபைல் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகின்றன. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ரத வீதியில் நின்று போனில் பார்க்கும் பத்துப் பேர் லாக்கில் ஒருவராகத் தெரியலாம். தானாக ஓடும் நிரல்களான பாட்களோ கணக்கை ஊதிப் பெருக்கிவிடும். கூகுள்பாட், ஜிபிடிபாட் எல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு வருவதால் கழித்துவிடலாம். திருட்டு பாட் பெயர் சொல்லாது. ஆனால் வேர்ட்பிரஸே இல்லாத தளத்தில் வந்து வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைக் கேட்கும். அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஐ.பி.யை அப்படியே சேர்த்து வைக்கவும் வேண்டாம். 2023-இலேயே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஐ.பி.யோடு பிரவுசர் பெயரையும் தினம் மாறும் ஒரு ரகசியச் சொல்லையும் சேர்த்து ஹாஷ் செய்து, பழைய சொல்லை அழித்துவிடலாம். காலையில் வந்தவர் மாலையிலும் வந்தாரா என்று ஓரளவு தெரியும். நேற்று வந்தவர்தானா என்று தெரியாது.

கடைக்காரர் கேட்ட எண்ணைவிட, பின்கோடு போடும் பக்கம் வரை வந்து திரும்பியவர்களின் எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கூரியர் கட்டணம் கண்ணில் படும் இடம் அது.