எந்த அடுப்பு நமக்கு?

2022இல் காஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்றதைச் சகோதரிகள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்சாரமும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை துண்டிக்கப்பட்டது. ஆகவே ஒன்றையே நம்பியிருப்பது நமது இல்லங்களுக்குச் சரிவராது.

காஸ் சுவாலையின் வெப்பத்தில் பாதிக்கு மேல் சட்டியைச் சுற்றி வீணாகிறது. கம்பிச்சுருள் மின்னடுப்பில் வீண் குறைவு. ஆனால் அணைத்த பிறகும் சூடு தணியாது, பால் பொங்கி வழிந்துவிடும். இன்டக்ஷன் அடுப்பில் சட்டியின் அடியே சூடாகிறது. வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு உணவுக்கே போய்ச் சேரும். சுவாலையும் இல்லை. எனினும் மின்கட்டணம் அலகு கூடக் கூடப் படிப்படியாக ஏறுவதால், பில்லைப் பார்த்தே வாங்குங்கள்.

மண்சட்டியும் சாதாரண அலுமினியப் பானையும் இதில் சூடாகா. சட்டியின் அடியில் காந்தம் நன்றாக ஒட்டுகிறதா என்று பாருங்கள். மீன் ஆணத்தை மண்சட்டியில் ஆக்கினால்தான் ருசி என்போருக்கு (நானும் அக்கட்சியே) காஸ்தான் வழி.

காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். 2021 இறுதியில் எத்தனை வீடுகளில் அடுப்புகள் வெடித்தன! சஹருக்கு எழுந்து குசினிக்குள் போகும்போது மணம் வந்தால், லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேற்றரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளுடன் வெளியே வந்துவிடுங்கள்.