நெகட்டிவில் வரைந்த மேகம்

1858-ஆம் ஆண்டின் தொடக்கம். பெரிய மரக் கேமரா, ரசாயனப் புட்டிகள், மெழுகு ஊட்டிய காகிதக் கட்டுகள் எல்லாவற்றையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவர் காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்தார். பெயர் லின்னேயஸ் டிரைப். 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1857 டிசம்பரில் தொடங்கிய அவருடைய பயணம் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று நீண்டது. எடுத்த படங்கள் அந்த ஆண்டிலேயே ஊர்வாரியாகத் தொகுதிகளாயின. ஸ்ரீரங்கத்துக்குத் தனித் தொகுதி, திருச்சிக்குத் தனித் தொகுதி. நம் ஊருக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புகைப்படங்களில் இவையும் அடங்கும்.

அரசு அவரிடம் கேட்டது ஆவணம். கோயிலும் மண்டபமும் மலையும் உள்ளது உள்ளபடி வேண்டும். ஆனால் டிரைப்பின் நெகட்டிவ்களைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு வேறொன்றும் தெரிந்தது. வானம் இருக்கும் பகுதியில் வண்ணப்பூச்சு! பல படங்களில் வானத்தைத் தூரிகையால் சீர்செய்திருந்தார். சிலவற்றில் இல்லாத மேகத்தை வரைந்தே வைத்திருந்தார். போட்டோஷாப் விற்பனைக்கு வருவதற்கு 132 ஆண்டுகள் முன்னால் நடந்த வேலை இது.

இன்று திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கும் கல்லூரி மாணவியின் செல்போனில் வானத்தை மாற்றவும், கூட்டத்தை அழிக்கவும், படத்தை ஓவியமாக்கவும் பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் நடப்பது மாயம் இல்லை. பெரும்பாலும் பள்ளிக் கணக்குதான். அந்தக் கணக்கு புரிந்தால் எந்தப் படத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதும் புரியும்.

வானம் ஏன் வெளுத்தது?

டிரைப் மேகம் வரைந்ததற்கு முதற்காரணம் வேதியியல். அவருடைய காகிதத்தில் இருந்த வெள்ளி உப்பு நீல ஒளியையும் புற ஊதாவையும் மட்டுமே நன்றாக உணரும். சிவப்பு அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. வானமோ நீலம். காற்றிலுள்ள மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியைத்தான் அதிகமாகச் சிதறடிக்கின்றன. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். வானத்தின் நீலத்துக்கு இந்த விளக்கத்தைத் தந்தவர் ராலே பிரபு. கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு இல்லை, நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று பின்னாளில் காட்டியவர் ஸ்ரீரங்கத்தை ஒட்டிய திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமன்.

மண்டபத்தின் நிழலில் நிற்கும் கல்தூண் பதிவாக வேண்டுமென்றால் லென்சைச் சில நிமிடங்கள் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் வானம் நெகட்டிவில் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அச்சிட்டால் வெறும் வெள்ளை. அதிலும் காகிதத்தின் குறைகள் திட்டுத் திட்டாகத் தெரியும். நெகட்டிவில் கறுப்பு வைத்தால் அச்சில் வெள்ளை விழும். ஆகவே மேகம் வேண்டிய இடத்தில் பூச்சை அடர்த்தியாகவும் மற்ற இடத்தில் மெல்லியதாகவும் வைத்தார் டிரைப். எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்து வரையும் கை அது.

செல்போனுக்கும் இதே சிக்கல் உண்டு. உச்சிவெயிலில் மலைக்கோட்டையை எடுத்துப் பாருங்கள். பாறை தெளிவாக வந்தால் வானம் வெளுக்கும். வானம் நீலமாக வந்தால் பாறை கறுக்கும். அதனால்தான் இன்றைய போன்கள் நீங்கள் ஒருமுறை தொடும்போதே வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதியைச் சேர்த்து ஒரே படமாகத் தருகின்றன. 1850-களிலேயே பிரான்சின் குஸ்தாவ் லே கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். தத்துவம் அதேதான்.

படம் எண்ணாகிய கதை

டிரைப் ஸ்ரீரங்கத்துக்கு வந்து ஒரு நூற்றாண்டு ஆகவிருந்த வேளையில், 1957-இல், அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் தம் கைக்குழந்தையின் படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். குறுக்கே 176, நெடுக்கே 176 பிக்சல். மொத்தம் 30,976 புள்ளிகள். புகைப்படம் எண்களின் கட்டமாக மாறிய தருணம் அது.

இப்போது ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 0 என்றால் அந்த நிறம் அறவே இல்லை, 255 என்றால் முழுமை. 1.2 கோடி பிக்சல் உள்ள செல்போன் படம் என்பது 3.6 கோடி எண்கள் கொண்ட பெரிய கோலம். வெளிச்சத்தைக் கூட்டுவது என்றால் இந்த எண்களை உயர்த்துவது. நிறத்தை மாற்றுவது என்றால் மூன்று எண்களின் விகிதத்தை மாற்றுவது.

1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த தாமஸ் நோல், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறங்களைக் காட்டுவதற்காக ஒரு நிரல் எழுதினார். அண்ணன் தம்பியாக நோல் சகோதரர்கள் அதை வளர்த்தெடுக்க, 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் போட்டோஷாப்பாக வெளியிட்டது. அது திறக்கும்போது ஓடும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்து மகிழாத தமிழ் டிசைனர் அரிது. காசில்லாமல் இதே வேலைகளைச் செய்ய, பெர்க்லி மாணவர்கள் இருவர் தொடங்கி 1996-இல் வெளிவந்த கிம்ப் இருக்கிறது.

போட்டோஷாப்பின் கருவிப் பட்டியலில் கம்பி நுனியில் வட்டத் தட்டு போல ஒரு படமும், குவித்த கை போல ஒரு படமும் இருக்கும். இருட்டறையில் அச்சுப் போட்டவர்களுக்கு இரண்டும் தெரியும். தட்டால் மறைத்த இடம் வெளுக்கும். கையைக் குவித்து வெளிச்சத்தை விட்ட இடம் கறுக்கும். சென்ற நூற்றாண்டின் ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ என்ற பெயரில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தழும்பை மறைத்த கலைஞர்களின் வேலையும் இன்று ஒரு பொத்தானாகிவிட்டது.

கூட்டம் மறையும் கணக்கு

டிரைப்பின் படங்கள் பலவற்றில் கோயில் வெறிச்சோடிக் கிடக்கும். ஆட்கள் இல்லாமல் இல்லை. சில நிமிட நேரம் திறந்திருந்த லென்சின் முன்னால் நடந்து போனவர்கள் பதிவாகவில்லை, அவ்வளவுதான். இன்று ஸ்ரீரங்கம் கோயிலின் ராஜகோபுரத்தின் முன்னால் அப்படி ஓர் ஆளில்லாப் படம் எடுக்க முடியுமா? முடியும்.

கேமராவை அசையாமல் முக்காலியில் வைத்து, இடைவெளி விட்டு ஏழு படங்கள் எடுப்போம். சுவரில் ஒரே ஒரு பிக்சலை மட்டும் கவனிப்போம். ஏழு படங்களிலும் அதன் எண்கள் 142, 140, 143, 240, 141, 236, 142 என்று வந்தால் என்ன பொருள்? சுவரின் நிறம் ஏறத்தாழ 142. இரண்டு முறை மட்டும் வெள்ளை வேட்டி குறுக்கே போயிருக்கிறது. சராசரி எடுத்தால் 169. வேட்டியின் சாயல் ஆவி போலப் படத்தில் தங்கிவிடும். எண்களை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் 142. வேட்டி இருந்த சுவடே இருக்காது. பள்ளியில் படித்த இடைநிலை அளவு இதுதான். ஒரே நிபந்தனை: ஒவ்வோர் இடமும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் ஆள் மறைக்காமல் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உட்கார்ந்தே இருக்கும் பூக்காரம்மா மறைய மாட்டார்.

சுவருக்கு ஆகாத சராசரி, ஆற்றுக்கு அருமையாகப் பொருந்தும். அம்மா மண்டபம் படித்துறையில் இருந்து காவிரியை முப்பது நாற்பது முறை எடுத்துச் சராசரி போட்டால், ஒவ்வோர் அலையும் கரைந்து நீர் பட்டுத்துணி விரித்தாற்போல் வழவழப்பாகும். படிக்கட்டு மட்டும் கூர்மையாக நிற்கும்.

கோட்டோவியமும் எண்ணெய் ஓவியமும்

படத்தைப் பென்சில் ஓவியமாக்கும் உத்தியில் டிரைப்பின் நெகட்டிவ் மறுபடி வருகிறது. முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதன் பிரதி ஒன்றை நெகட்டிவாக மாற்ற வேண்டும். அதாவது ஒவ்வோர் எண்ணையும் 255-இலிருந்து கழிக்க வேண்டும். பிறகு அந்தப் பிரதியைக் கொஞ்சம் மங்கலாக்கி, மேல் லேயராக வைத்து ‘கலர் டாட்ஜ்’ முறையில் கலக்க வேண்டும். மென்பொருள் அப்போது ஒரு வகுத்தல் செய்கிறது: கீழே உள்ள எண்ணை, 255-இலிருந்து மேல் எண்ணைக் கழித்து வருவதால் வகுத்து, 255-ஆல் பெருக்குகிறது.

ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்துக் கல் குதிரையை எடுத்துக்கொள்வோம். அதன் வழவழப்பான கழுத்தில் ஒரு பிக்சல் 120. நெகட்டிவில் அது 135. 255-இலிருந்து 135 போனால் 120. 120-ஐ 120-ஆல் வகுத்தால் 1. அதாவது தூய வெள்ளை. சமமான பரப்பு எல்லாம் இப்படி வெள்ளைத் தாளாகிவிடும். பிடரியின் விளிம்பில் ஒரு கரிய பிக்சல் 60 என்று கொள்வோம். மங்கலாக்கும்போது பக்கத்து வெளிச்சமும் கலந்துவிடுவதால் நெகட்டிவில் 195-க்குப் பதிலாக 165 இருக்கும். 60-ஐ 90-ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு; சாம்பல் நிறம். விளிம்பு மட்டும் கோடாக எஞ்சும். ஓவியன் கண் தேடுவதும் விளிம்பைத்தானே!

எண்ணெய் ஓவியத் தோற்றத்தின் கதை இன்னும் வியப்பானது. 1976-இல் ஜப்பானில் குவாஹாரா குழுவினர் கதிரியக்க முறையில் எடுத்த இதயப் படங்களைத் தெளிவாக்க ஒரு வழி கண்டார்கள். ஒரு பிக்சலைச் சுற்றி நான்கு சிறு கட்டங்கள். அவற்றில் எண்கள் மிகக் குறைவாக மாறுபடும் கட்டம் எதுவோ அதன் சராசரியை அந்தப் பிக்சலுக்குக் கொடுப்பது. இதனால் புள்ளி புள்ளியான இரைச்சல் அடங்கும், விளிம்போ மங்காது. நிறம் தட்டையான சிறு திட்டுகளாக விழும், தூரிகைத் தீற்றல் போலவே. இதய நோயாளிக்காகப் பிறந்த கணக்கு, கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை ஓவியமாக்குகிறது. 2015-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போய், ஓர் ஓவியத்தின் பாணியை நரம்பியல் வலையமைப்பால் கற்று வேறொரு புகைப்படத்தின் மேல் ஏற்றிக் காட்டினார்கள். இன்று போனில் காணும் ஓவியப் பாணிகள் பலவும் அதன் வழிவந்தவை.

சூரியன் எங்கே மறையும்?

கணக்கு பிழைக்காது, பயன்படுத்துபவர் பிழை செய்யலாம். ராஜகோபுரத்தின் பின்னால் செக்கச்சிவந்த சூரியன் இறங்குவது போன்ற படங்கள் கைபேசிகளில் சுற்றுவதுண்டு. ராஜகோபுரம் கோயிலின் தெற்குக் கோபுரம். முன்னால் நின்று பார்ப்பவர் வடக்கே பார்க்கிறார். திருச்சியின் அட்சரேகையில், ஆனி மாதத்தில்கூட சூரியன் மறையும் இடம் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 24 பாகைக்கு மேல் நகராது. கோபுரத்துக்கு நேர் பின்னால் அது மறையவே மறையாது. வானத்தை மாற்றுபவர் நிழல் விழும் திசையையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கண் நம்பினாலும் ஊர் நம்பாது.

இதைவிடக் கவலை தருவது பழைய படங்களுக்கு நேர்வது. இந்த ராஜகோபுரம் நூற்றாண்டுகளாக முற்றுப்பெறாமல் நின்றது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கரின் முயற்சியால் 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக எழும்பி 1987-இல் குடமுழுக்குக் கண்டது. உங்கள் வீட்டுப் பழைய படம் ஒன்றில் தாத்தாவுக்குப் பின்னால் மொட்டைக் கோபுரம் நிற்கலாம். படம் 1987-க்கு முந்தையது என்பதற்கு அதுவே சான்று. அழகு கருதி மென்பொருளால் அங்கே முழுக் கோபுரத்தை நட்டுவிட்டால், படம் அழகாகும்; அதன் வயது அழிந்துவிடும்.

டிரைப்பின் வேலை நீடிக்கவில்லை. செலவு அதிகம் என்று 1859-இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் அதை நிறுத்தச் சொன்னார். ஆனாலும் அவருடைய நெகட்டிவ்கள் பல பிழைத்தன. அவை இருப்பதால்தான் எது 1858-இன் வானம், எது அவருடைய தூரிகை என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடிகிறது. அச்சுகள் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த மேகங்களையும் மெய்யென்றே நம்பியிருப்போம்.

ஆகவே வாசகர்களே, வானத்தை மாற்றுங்கள், கோபுரத்தைக் கோட்டோவியம் ஆக்குங்கள், காவிரியைப் பட்டாக்குங்கள். அது நல்ல கலை. ஆனால் மாற்றத்தைத் தனி லேயரில் செய்யுங்கள், வேறு பெயரில் சேமியுங்கள், பகிரும்போது மாற்றிய படம் என்று ஒரு வரி எழுதுங்கள். மூலப்படத்தைத் தேதியோடும் இடத்தோடும் தொடாமல் வைத்திருங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் நெகட்டிவ்.