நிரல் எழுதும் வேலை: முதல் படி எது?

"கணிப்பொறி நிரல் எழுதும் வேலைக்குப் போக வேண்டும், எந்த மொழியைப் படிக்கலாம்?" மங்கலம்பேட்டை போன்ற சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சி, ஜாவா, பைத்தான் எனப் பல பெயர்களை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவற்றுள் எதை எடுத்தாலும் சந்திக்க வேண்டிய ஒரு சிக்கல் உண்டு. அதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம்.

ஓர் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா என்று கணிப்பொறி சொல்ல வேண்டும். 'நான்கால் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு' என்று நிரல் எழுதுகிறீர்கள். 2023, 2024 இரண்டுக்கும் சரியான விடை வருகிறது. பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். 1900-ஐக் கொடுத்துப் பாருங்கள். லீப் ஆண்டு என்று தவறான விடை வரும். பருவங்கள் ஒருமுறை சுழன்றுவர ஏறத்தாழ 365.2422 நாள்கள் ஆகின்றன, முழுதாக 365.25 நாள்கள் ஆவதில்லை. ஆகவே நூறால் வகுபடும் ஆண்டுகளை நீக்க வேண்டும். நீக்கினால் 2000 தவறாகிவிடும்! 400-ஆல் வகுபடுபவற்றை மீண்டும் சேர்த்தால்தான் நிரல் முழுமை பெறும்.

கணிப்பொறி நாம் எழுதியதைத்தான் செய்யும்; மனத்தில் நினைத்ததைச் செய்யாது. சிக்கலைப் படிப்படியாகப் பிரிப்பதும், நம் விடை எங்கே பொய்க்கும் என்று நாமே தேடுவதும்தான் இத்தொழிலின் உயிர். செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும் இக்காலத்தில், பிழை காணும் கண்ணுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

பட்டம் வேண்டாமா? பல நிறுவனங்கள் பட்டத்தையும் மதிப்பெண்ணையும் பார்த்த பிறகே தேர்வு எழுத விடுகின்றன. இதற்கு விலக்கும் உண்டு. ஸ்ரீதர் வேம்பு தோற்றுவித்தவர்களுள் ஒருவரான சோஹோ நிறுவனம், பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. ஆனால் அங்கும் இடங்கள் சிலவே, போட்டியோ பெரிது.

ஆங்கிலம்? நிரல்மொழிகளில் வரும் ஆங்கிலச் சொற்கள் சில டஜன்தாம். சில வாரங்களில் பழகிவிடும். பிழைச் செய்திகளும் விளக்க நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலம் கட்டாயம் தேவை. கருத்தை முதலில் தமிழிலேயே புரிந்துகொள்ளலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்களுள் பல தமிழ் ஒலியுடன் இலவசமாகவே கிடைக்கின்றன.

'மூன்றே மாதத்தில் வேலை உறுதி' என்று பெருந்தொகை கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பணம் கட்டுமுன், அங்கே படித்தவர்கள் இருவரையாவது நேரில் கண்டு விசாரியுங்கள்.

ஏதேனும் ஒரு மொழியை எடுத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு கணக்காக ஓராண்டு பழகுங்கள். முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு கணிப்பொறியில் இட்டுப் பாருங்கள். இன்றைய கணக்கு இதோ: ஒருவர் பிறந்த தேதியைக் கொடுத்தால் அவருடைய வயதைச் சொல்ல வேண்டும். பிப்ரவரி 29-இல் பிறந்தவரை மறந்துவிடாதீர்கள்!