முப்பாட்டனாரைத் தேடும் வழி

நாஞ்சில் நாட்டு முஸ்லிம் இல்லங்களில் பாட்டனாரின் பெயரைக் கேட்டால் உடனே விடை வரும். அவர்தம் தந்தையாரின் பெயரைக் கேட்டால் சற்றுத் தயக்கம் தோன்றும். பாட்டியாரின் அன்னை யாரென வினவினாலோ பெரும்பாலும் மௌனமே விடை. ஒருவரை அவர் தந்தையின் பெயரோடு சேர்த்து அழைக்குமாறு பணிக்கும் திருக்குர்ஆனை (33:5) ஓதிவரும் நாம், மூன்றாம் தலைமுறைக்குள் முன்னோரை மறந்துவிடுவது வருந்தத்தக்கது.

மறதி விட்ட இடத்தை நிரப்ப எளிய கதையொன்று உண்டு: கடல் கடந்து வந்த அரபு வணிகரின் வழித்தோன்றல்கள் நாம் என்பது. கி.பி. 849இல் கொல்லத்தில் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் முஸ்லிம்கள் கூஃபி எழுத்தில் சாட்சிக் கையொப்பமிட்டுள்ளனர். மைமூன் இப்னு இப்ராஹீம், உஸ்மான் இப்னுல் மர்ஸுபான் என்போர் அவர்களுள் இருவர். மர்ஸுபான் என்பது பாரசீகச் சொல். எல்லைப்புறத் தலைவன் என்று பொருள்படும். ஆக, அன்று வந்தோர் அனைவரையும் அரபியர் எனக் கொள்வதற்கில்லை. அச்செப்பேடு குறிப்பிடும் அஞ்சுவண்ணம் என்னும் பெயர் தக்கலை ஜமாஅத்தின் பெயரில் வாழ்கிறது. ஆயினும் பெயர்த் தொடர்ச்சி வேறு, இரத்தத் தொடர்ச்சி வேறு. மைமூனிலிருந்து நம்மிடம் இறங்கி வரமுடியாது. நம் வீட்டிலிருந்து மேலே ஏறிச் செல்வதே முறை.

முதலில் எதிர்ப்படும் இடர் ஆண்டுக் கணக்காகும். 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணையும் வரை இப்பகுதி முதலில் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் அடங்கியிருந்தது. ஆதலால் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டும், மீசான் கற்களில் ஹிஜ்ரி ஆண்டும் காணப்படும். கொல்லம் ஆண்டுடன் 825 கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். ஆவணி முதல் டிசம்பர் இறுதி வரையிலான நாள்களுக்கு மட்டும் 824. இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் காலம் 31.7.1874 முதல் 13.2.1950 வரை. கொல்லம் கணக்கில் இது 1049 முதல் 1125 வரை. சூரிய ஆண்டுப்படி அவர் நிறைவு செய்தது 75 வயது. ஹிஜ்ரிப்படியோ 1291இல் பிறந்து 1369இல் மறைந்த அவருக்கு 77 நிறைந்திருந்தது. வயது வேறுபடுவதைக் கண்டு ஒருவரை இருவராக்கிவிடக் கூடாது.

பெண்களைத் தேடுவோர்க்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைவிடச் சிறந்த துணையில்லை. அதில் மணமகளின் பெயருடன் வலீயின் பெயரும் இருக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் வலீயாகும் உரிமை தந்தை, தந்தையின் தந்தை, உடன்பிறந்தான் என வரிசையாக இறங்கும். எனவே அண்ணன் வலீயாக நின்றிருப்பின், தந்தையும் பாட்டனும் அதற்குள் மறைந்திருக்கக்கூடும் என ஊகிக்கலாம். பொறுப்பை வகீலிடம் ஒப்படைக்கும் வழக்கமும் இருப்பதால், இது ஊகமே, முடிவன்று. ஹனஃபி மத்ஹபில் கைம்பெண்ணின் மறுமணத்தில் மகன் தந்தைக்கு முந்துவான். ஆகவே குடும்பத்தின் மத்ஹபை முதலில் அறிந்துகொள்ளல் நலம்.

பாகப்பத்திரங்கள் இன்னும் நுட்பமாகப் பேசுபவை. (திருவிதாங்கூரில் சில முஸ்லிம் குடும்பங்கள் மருமக்கள் வழியைப் பின்பற்றின, அவற்றுக்கு இக்கணக்கு பொருந்தாது.) மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் இறந்தவருக்கு மக்கள் உண்டு, நான்கில் ஒன்றாயின் இல்லை. மனைவியும் ஆணும் பெண்ணுமாகிய மக்களுமே எஞ்சியிருந்த வீட்டில் ஒரு மகளின் பங்கு 40இல் 7 என்றிருக்கட்டும். மனைவியின் 5 போக மீதி 35. அது ஐந்து கூறாகியிருக்கிறது. மகனுக்கு இரு கூறு ஆதலின், இரு மகன்களும் ஒரு மகளும் இருந்திருப்பர், அல்லது ஒரு மகனும் மூன்று மகள்களும். பத்திரத்தின் பாதி சிதைந்திருந்தாலும் குடும்பத்தின் அளவு தெரிந்துவிடுகிறது.

ஆனால் இதே பத்திரம் ஒரு கிளையை முற்றாக மறைத்தும் விடும். தந்தைக்கு முன்பே இறந்துவிட்ட மகனின் பிள்ளைகள், சிற்றப்பாவோ பெரியப்பாவோ உயிருடன் இருக்கையில் வாரிசாகமாட்டார்கள். பங்கில்லாததால் பத்திரத்தில் பெயருமில்லை. பின்வந்தோர் அப்படியொரு மகன் பிறக்கவேயில்லை என எண்ணிவிடுகின்றனர். அத்தகைய பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனார் தம் வாழ்நாளிலேயே எழுதிக்கொடுத்த ஹிபா உண்டா, மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத் உண்டா எனத் தேடிப்பார்க்க வேண்டும். அவையும் இல்லையெனில் அப்பிள்ளைகளின் தாயார் பிறந்த ஊருக்குச் சென்று பள்ளிவாசல் பதிவேட்டைப் புரட்டவேண்டும். தந்தையை இழந்த பிள்ளைகள் பல வேளைகளில் மாமன் வீட்டிலேயே வளர்ந்தனர். அவர்தம் நிக்காஹும் அவ்வூரில் நடந்திருந்தால், மறைந்த தந்தையின் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கும்.